கட்டைவிரலால் மறைத்த எழுத்து

பழைய சாமானில் பொறித்திருக்கும் எழுத்தை எனக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கத் தெரியாத சனத்தை அந்த அறிவை வைத்தே ஏமாற்றினேன். போர் முடிந்து, செட்டிகுளம் முகாம்களில் இருந்து ஆட்கள் ஊருக்குத் திரும்பத் தொடங்கிய காலத்தில், கிளிநொச்சிப் பக்கமும் முல்லைத்தீவுப் பக்கமும் தறப்பாள் கொட்டிலுக்குக் கொட்டில் ஏறி இறங்கிச் சாமான் வாங்கினேன். கொடுத்தது இரும்பு விலை. விற்றது வேறு விலைக்கு. ஒருவரும் என்னைப் பிடிக்கவில்லை, ஒருவரும் முறைப்பாடு செய்யவில்லை. ஆகவே நான்தான் எழுத வேண்டும்.

நான் வவுனியாக்காரன். அப்பா பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர். குடத்தைத் தட்டிப் பார்த்து எந்தக் காலத்துப் பித்தளை என்று சொல்லுவார். அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டியது. பழைய விளக்கு, வெற்றிலைத் தட்டம், பாக்குவெட்டி, தராசு என்று வாங்கி விற்கிற சின்னக் கடை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு, சுவிஸில் உணவகமொன்றில் வேலை செய்த மச்சான் ஊருக்கு வந்தார். சேர்ட் பையில் இருந்து மடக்குக்கத்தி மாதிரி ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பக்கம் சின்னக் கத்தி, நடுவில் மடங்கிக் கிடந்த எஃகுச் சுருள், மற்றப் பக்கம் போத்தல் வாயில் ஊன்றுகிற கால். போத்தல் தக்கையை இழுக்கிற திருகு. உலகத்தில் உணவகங்களில் பரிமாறுகிற ஆட்கள் அரைவாசிப் பேரின் பையிலாவது இது கிடக்கும் என்றார். அதைக் கண்டுபிடித்தவர் கார்ல் வீன்கே என்ற ஜெர்மன்காரர், றொஸ்ரொக் நகரத்தவர், 1882இல் காப்புரிமை எடுத்தார் என்று பின்னர் தேடி அறிந்தேன். 120 வருடமாகியும் வடிவம் பெரிதாக மாறவில்லை. எங்கள் ஊர்ப் பெடியன் ஒருவன் சூரிக்கில் ஒரு நாளைக்குப் பல தடவை அந்த மனிதரின் யோசனையைக் கையில் எடுக்கிறான். எனக்கு அது பெரிய ஆச்சரியமாக இருந்தது.

எனக்குக் குடிப்பழக்கம் இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டது அந்தச் சாமானுக்குள் இருந்த மூளை. மச்சான் அனுப்பிய புத்தகங்களை வைத்து, இணையம் வந்த பிறகு அதிலும் தேடி, தக்கைத் திருகின் வரலாற்றைப் படித்தேன். அது துவக்கில் தொடங்குகிறது. எங்கள் காடுகளில் வேட்டைக்காரர் வைத்திருந்த இடியன் துவக்கு போல, வாய்ப்பக்கத்தால் மருந்தும் ரவையும் இடிக்கிற துவக்குகளில் சில வேளை வெடிக்காத ரவை குழாய்க்குள் இறுகிவிடும். அதைக் குத்தி இழுக்கக் கோலின் நுனியில் எஃகுச் சுருள் ஒன்று இருந்தது. போத்தல் தக்கையை இழுக்க முதலில் பயன்பட்டது அந்த வகைச் சுருள்தான் என்கிறார்கள். 1681இல் நெஹமையா குரூ என்ற இங்கிலாந்து அறிஞர், போத்தல் தக்கையை இழுக்கிற எஃகுச் சுருள் என்று எழுதிவைத்திருக்கிறார். அதற்கு முன்பே ஆட்கள் கைக்குள் வைத்திருந்திருப்பார்கள். முதலில் செய்த கொல்லன் ஆர் என்று எந்த ஏட்டிலும் இல்லை.

பெயர் வருவது 1795இல். சாமுவேல் ஹென்ஷல் என்ற பாதிரியார் தக்கைத் திருகுக்கு இங்கிலாந்தின் முதலாவது காப்புரிமையை எடுத்தார். அவர் செய்த மாற்றம் மிகச் சிறியது. சுருளும் தண்டும் சேருகிற இடத்தில் ஒரு வட்டத் தகடு வைத்தார், அவ்வளவுதான். சுருள் முழுதாக இறங்கியதும் தகடு தக்கையின் தலையில் முட்டும். அதற்கு மேலும் திருகினால் சுருள் உள்ளே போகாது, தக்கைதான் போத்தல் கழுத்துக்குள் சுழலும். கண்ணாடியோடு ஒட்டிக் கிடந்த பிடி அந்தச் சுழற்சியில் விட்டுவிடும். பிறகு இழுப்பது சுகம். அந்தத் திருகைச் செய்து கொடுத்தவர் பேர்மிங்ஹாமின் மத்தியூ போல்ட்டன், நீராவி இயந்திரத்தில் ஜேம்ஸ் வாட்டின் பங்காளியாக இருந்த அதே மனிதர். அவரிடம் தொழில் பழகிய எட்வேர்ட் தொமசன் 1802இல் இன்னொரு படி ஏறினார். அவருடைய திருகை ஒரே பக்கமாகத் திருப்பிக்கொண்டே இருந்தால் போதும்: முதலில் சுருள் இறங்கும், இறங்கி முடிந்ததும் அதே திருப்பலில் தக்கை மேலே ஏறி வரும். இழுக்கவே வேண்டியதில்லை. ஒரு குழாய்க்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு புரி. இதை முதன்முதல் படத்தில் விளங்கிக்கொண்ட இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

தொமசனின் காப்புரிமைக்கு 14 வருட ஆயுள். 1816இல் அது முடிந்ததும் பேர்மிங்ஹாமில் இருந்த மற்றப் பட்டறைகள் அதே திருகைச் செய்யத் தொடங்கின. பலர் அரச முத்திரைத் தகடும் ‘பேற்றன்ற்’ என்ற எழுத்தும் சேர்த்தே அடித்தார்கள். உரிமை முடிந்த பிறகும் அந்த எழுத்து விலை பெற்றுக் கொடுத்தது. வாங்குகிறவர் எழுத்தைப் பார்ப்பார், எழுத்துச் சொல்வது உண்மையா என்று பார்க்க மாட்டார். இதைப் படித்தபோது அந்தப் பட்டறைக்காரர்மேல் எனக்குக் கோபம் வந்தது. நான் அதைவிட மோசமான வேலை செய்யப் போகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எழுத்தை வாசிக்கிற கலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னுடைய களவுக்கு அதுதான் ஆயுதம். 1842 முதல் 1883 வரை இங்கிலாந்தில் பதிவுசெய்த வடிவங்களில் ஒரு சாய்சதுர அடையாளம் இருக்கும். அதன் மூலைகளில் உள்ள எழுத்தும் எண்ணும் வருடம், மாதம், நாள் சொல்லும். அதற்குப் பிறகு வெறும் பதிவு எண். ஜெர்மன் சாமானில் டி.ஆர்.ஜி.எம். என்று இருந்தால் அது 1891க்குப் பிந்தியது. இங்கிலாந்துக் காப்புரிமை எண்ணை வருடத்தோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். 1916க்கு முன் ஒவ்வொரு ஜனவரியிலும் எண் ஒன்றில் இருந்து தொடங்கும். 1883இல் வந்த சட்டம் காப்புரிமைக் கட்டணத்தை வெகுவாகக் குறைத்தது. அதுவரை வருடத்துக்கு ஏறக்குறைய 6,000 விண்ணப்பம் வந்த இடத்தில் 1884இல் 17,000க்கு மேல் வந்தன. காசில்லாமல் யோசனையை மனதுக்குள் வைத்திருந்த ஆட்கள் எல்லோரும் அந்த வருடம் வரிசையில் வந்து நின்றார்கள். அந்த வரிசையில் ஒருவர் மார்ஷல் ஆர்தர் வியர். அவருடைய எண் 12804, தேதி 1884 செப்டெம்பர் 25.

வியரின் திருகு எஃகுப் பட்டிகளைப் பெருக்கல் குறிகளாகக் கோத்துத் தறைந்தது. கடை வாசலில் இழுத்துப் பூட்டுகிற மடக்குக் கேற் விரிந்து சுருங்குகிறது போல அதுவும் விரியும், சுருங்கும். கீழே சுருள், மேலே வளையம். சுருளைத் தக்கைக்குள் இறக்கிவிட்டு வளையத்தை இழுத்தால், கை நிறையத் தூரம் போகும், தக்கை கொஞ்சத் தூரம் எழும்பும். கை போகிற தூரம் கூடக் கூடத் தேவைப்படுகிற பலம் குறையும். கிழவரும் ஒற்றைக் கையால் இழுக்கலாம். செய்தவர்கள் பேர்மிங்ஹாம் ஜேம்ஸ் ஹீலி அன் சன்ஸ். பட்டிகளில் காப்புரிமைக்காரரின் பெயர், எண், தேதி, தங்கள் பெயர் எல்லாம் அடித்தார்கள். வியரின் பெயரில் மட்டும் இரண்டு ஆங்கில எழுத்தை இடம் மாற்றி அடித்துவிட்டார்கள். பேர் சொந்தக்காரர் உயிரோடு இருக்கும்போதே அப்படி. உலகமெங்கும் போன சாமானில் அந்தப் பிழை அப்படியே இருக்கிறது.

இப்படியொன்று வன்னிக் காட்டுக்குள் எப்படி வந்தது என்று கேட்கலாம். வெள்ளைக்காரர் காலத்தில் வீதி வழியே அரசாங்கம் றெஸ்ற் ஹவுஸ்கள் கட்டி வைத்திருந்தது. ரயில் பாதை முழுதாக வந்தது 1905இல். அந்த வருட ஜனவரியில் யாழ்ப்பாணத்துக்கு வேலைக்கு வந்த லெனார்ட் வூல்ஃப், பின்னாளில் பெரிய எழுத்தாளர், அனுராதபுரத்தில் இருந்து ஆனையிறவு வரை இந்தக் காட்டைத் தபால் மாட்டுவண்டியில்தான் கடந்தார். துரைமார், அளவையாளர், வேட்டைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தங்கியது இந்த றெஸ்ற் ஹவுஸ்களில். பியரும் பிராந்தியும் விஸ்கியும் தக்கை இறுக்கிய போத்தல்களில் வந்தன. குசினியில் ஒரு திருகு இல்லாமல் முடியாது. பிறகு அதன் காலம் தேய்ந்தது. 1892இல் அமெரிக்காவின் வில்லியம் பெயின்டர் இன்றைக்கு நாங்கள் சோடாவில் காண்கிற தகர மூடிக்குக் காப்புரிமை எடுத்தார். 1913இல் ஸ்கொட்லாந்தின் டீச்சர்ஸ் விஸ்கிக்காரர், கையாலேயே கழற்றித் திரும்பப் பூட்டக்கூடிய தக்கையைக் கொண்டுவந்து, இனித் திருகைப் புதைத்துவிடுங்கள் என்று விளம்பரம் செய்தார்கள். 1926இல் வைற் ஹோர்ஸ் விஸ்கி திருகு மூடிக்கு மாறியது.

வன்னியில் அதை உண்மையாகவே புதைத்தார்கள். 2008 கடைசியிலும் 2009 தொடக்கத்திலும் இடம்பெயர்ந்த சனம், தூக்க முடியாத சாமானை வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுப் போனது. தையல் மெசின், தொலைக்காட்சிப் பெட்டி, பித்தளைக் குடம், பிள்ளையின் சான்றிதழ். திரும்பி வந்தவர்களில் சிலருக்குக் கிடங்கு இருந்த இடமே தெரியவில்லை. வீடும் மரமும் இல்லாவிட்டால் எதை அடையாளம் வைத்து வெட்டுவது? சிலருடையதை முன்னமே ஆரோ தோண்டியிருந்தார்கள். சிலருக்குக் கிடைத்தது. கிடைத்ததை விற்றுச் சமைத்தார்கள். அந்த நேரம்தான் நான் போனேன்.

விசுவமடுவில் இருந்து உள்ளே போகிற ஒழுங்கை. 2011. ஒரு அம்மா, எழுபதைத் தாண்டியவ. தறப்பாளுக்குக் கீழே நிலத்தில் ஒரு தகரப் பெட்டி திறந்தபடி இருந்தது. பொலித்தீனில் சுற்றித் தாட்டது. உள்ளே ஒரு அரிவாள், இரண்டு பூட்டு, பித்தளைக் குவளை, கரண்டிகள். கரண்டிகளுக்கு நடுவில் வியரின் திருகு கிடந்தது. கறள் படிந்திருந்தாலும் தறைகள் இறுகவில்லை. கையில் எடுத்து வளையத்தை இழுத்ததும் விரிந்தது. பட்டியில் பெருவிரலை வைத்து உரசினேன், எழுத்தின் பள்ளம் விரலுக்குத் தெரிந்தது. வாசிக்கத் தேவையில்லை. படத்தில் எத்தனையோ தடவை பார்த்த வரி.

“எங்கட அப்புவின்ர, தம்பி. அப்பு றெஸ்ற் ஹவுசில குசினியில நிண்டவர். துரை போகேக்க குடுத்திட்டுப் போனவராம்.”

“என்ன சாமானெண்டு தெரியுமோ அம்மா?”

“போத்தல் உடைக்கிறதெண்டு சொல்லுவார். எங்களைத் தொட விடமாட்டார். அதில ஒரு ஆளின்ர பேர் கிடக்காம். அப்புவுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. என்ன கிடக்கெண்டு வாசிச்சுச் சொல்லுங்கோ.”

என்னுடைய கட்டைவிரல் அந்த எழுத்தின் மேல் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. “தேஞ்சு போச்சு அம்மா, வாசிக்கேலாது” என்றேன். “கறளும் பிடிச்சுப் போச்சு. இதுகளை நிறைக்குத்தான் எடுக்கலாம்.”

அவ என்னுடைய முகத்தைப் பார்த்தா. பிறகு, “நீங்கள் பார்த்து ஏதும் போட்டுத் தாங்கோ” என்றா.

பேரம் பேசுகிற ஆளிடம் பொய் சொல்வது ஒரு வகை. அவரும் தன் பங்குக்குச் சொல்வார். இந்த அம்மா பேரம் பேசவில்லை. விலையை என்னுடைய மனச்சாட்சியிடம் ஒப்படைத்தா. முழுப் பெட்டிக்கும் 600 ரூபாய் கொடுத்தேன். அது இரும்பு விலையைவிடக் கொஞ்சம் கூட, அதனால் நல்ல மனிதன் என்ற எண்ணத்தோடுதான் மோட்டார் சைக்கிளில் ஏறினேன். போகும்போது அவ தேத்தண்ணி தந்தா, சீனி தனியாகக் கையில்.

வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல்லுத்தூரிகையால் தேய்த்தேன். ஒவ்வொரு எழுத்தாக எழும்பி வந்தது. எதுவுமே தேயவில்லை.

அடுத்த வருடம் இங்கிலாந்தில் இருந்த ஒரு சேகரிப்பாளருக்கு 90 பவுணுக்கு விற்றேன். அன்றைய கணக்கில் ஏறக்குறைய 18,000 ரூபாய். வியரின் திருகு அபூர்வமானது அல்ல, நிறையச் செய்யப்பட்டது. பெரும் செல்வம் கைக்கு வந்தது என்று எழுத இயலாது. ஆனால் கூரைத் தகரம் வாங்கவும் வழியில்லாமல் இருந்த வீட்டுக்கு அந்த 18,000 என்னவாக இருந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும். கொட்டில்களுக்குப் போய் வந்த எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அந்தச் சேகரிப்பாளர் கண்ணியமான மனிதர். சாமான் எங்கிருந்து வந்தது என்று கேட்டு எழுதினார். அவர்களுக்கு வந்த வழி முக்கியம். நுவரெலியாவில் ஒரு தேயிலைத் துரையின் பங்களாவில் இருந்து வந்தது என்று பதில் எழுதினேன். வன்னி என்று எழுதினால், போர் நடந்த இடத்துச் சாமான், களவாக இருக்குமோ என்று யோசிப்பார் என்ற பயம் இருந்தது. அதைவிடப் பெரிய காரணம் வேறு: துரையின் பங்களா என்றால் விலை நிற்கும், றெஸ்ற் ஹவுஸ் குசினி என்றால் நிற்காது என்று நினைத்தேன். அந்த மனிதர் அப்படி நினைத்திருப்பாரா என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. அவர் கேட்கும் முன்பே எங்கள் ஆளைக் குறைவாக மதித்தவன் நான்.

இப்போது இதை எழுதும்போது எனக்கு அதிகம் வலிப்பது இந்த இடம். காசு விடயத்தில் செய்த பிழையைக் காசால் கொஞ்சமாவது திருத்தலாம். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் அந்தத் திருகைத் துடைத்து, எண்ணெய் பூசி, பிள்ளைகளைத் தொடவிடாமல் காத்த ஒரு சமையற்காரரை அதன் கதையில் இருந்து அழித்துவிட்டு, அந்த இடத்தில் இல்லாத துரையொருவரை இருத்தினேன். அதை வாங்கிய துரை எங்கேயோ போய்விட்டார், பெயர்கூட மிஞ்சவில்லை. காத்தவர் அப்பு. தறைகள் இறுகாமல் விரிந்ததற்குக் காரணம் அவருடைய கை. வியரின் பெயரை ஹீலி பட்டறை பிழையாக அடித்ததை நான் எத்தனையோ பேருக்குச் சொல்லி ஆதங்கப்பட்டிருக்கிறேன். அவர்கள் இரண்டு எழுத்தை மாற்றினார்கள். நான் ஒரு ஆளையே மாற்றினேன்.

அந்த நாட்களில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட நியாயம் ஒன்று இருந்தது. பழைய இரும்பு லொறிகள் வரிசையாகத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. முள்ளிவாய்க்கால் பக்கம் மலையாகக் குவிந்து கிடந்த சைக்கிள்களும் வாகனங்களும் எப்படிப் போயின என்று கண்ணால் கண்டவன் நான். என்னிடம் வராவிட்டால் இந்தத் திருகும் உலைக்குத்தான் போயிருக்கும், நான் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொண்டேன். உலைக்குப் போயிருக்கும் என்பது உண்மையாக இருக்கலாம். அதற்காக எழுத்தை மறைக்க வேண்டியதில்லை. “இது பெறுமதியான சாமான் அம்மா, விற்றுத் தாறன், என்ர பங்கை எடுக்கிறன்” என்று சொல்லியிருந்தாலும் திருகு தப்பியிருக்கும், வியாபாரமும் நடந்திருக்கும், அந்த வீட்டுக்கும் தகரம் ஏறியிருக்கும். அந்த வசனம் எனக்கு வராமல் இல்லை. வந்தது. விழுங்கினேன்.

அது ஒரு நாள் நடந்த தவறும் இல்லை. பேர்லின் எஹ்ரிச் அன் கிரெட்ஸ் பெயர் பொறித்த பெற்றோமக்ஸ், பழைய தையல் மெசினின் தலை, வெள்ளி பதித்த பாக்குவெட்டி என்று அதே வழியில் பல வந்தன. ஒவ்வொன்றிலும் என்னுடைய விரல் ஏதோ ஒரு எழுத்தை மறைத்தது.

2023இல் வேறொரு சேகரிப்பாளரிடம் இருந்து மின்னஞ்சல் வந்தது. முதல் வாங்கியவர் காலமாகிவிட்டார், திருகு இப்போது தன்னிடம் இருக்கிறது, நுவரெலியாத் துரையின் பெயரும் தோட்டத்தின் பெயரும் தெரிந்தால் எழுதுங்கள், இலங்கைத் தோட்டத் துரைமாரின் பாவனைப் பொருள்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன் என்றார். என்னுடைய பொய் இனி அச்சில் வரப் போகிறது. நான் ஒரு பெயரை யோசித்தேன். தோட்டத்துக்கும் ஒன்று யோசித்தேன். தட்டச்சும் செய்தேன். வாசித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது, எவரும் நம்புவார். அது நன்றாக இருந்ததே எனக்குப் பயத்தைத் தந்தது. அழித்துவிட்டு அடுத்த நாள் காலை விசுவமடுவுக்குப் போனேன்.

ஒழுங்கையில் இப்போது கல்வீடுகள். அந்த அம்மா இல்லை, காலமாகிச் சில வருடம். மகள் இருந்தா, பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சின்னக் கடை வைத்திருக்கிறா. யாரென்று சொன்னேன். வாங்கியதைச் சொன்னேன், விற்றதைச் சொன்னேன், இங்கிலாந்துக்காரருக்கு எழுதியதையும் சொன்னேன். அவ கல்லாப் பெட்டியை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தா. கடைக்கு வந்த பிள்ளைகளைப் பிறகு வரச் சொன்னா.

“அம்மா உங்களை நல்ல பெடியன் எண்டு சொன்னவ” என்றா. “பார்த்துப் போட்டுத் தந்திட்டுப் போனவன் எண்டு.”

எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. பணத்தைக் கொண்டுபோயிருந்தேன், 90 பவுணை 2023 மதிப்பில் 36,000 ரூபாயாக. அவ அதை எண்ணி வாங்கி உள்ளே வைத்தா. நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. பிறகு கேட்டா:

“அதில என்ன எழுதிக் கிடந்தது?”

சொன்னேன். வியர் என்ற ஆளின் காப்புரிமை, எண் 12804, 1884ஆம் ஆண்டு செப்டெம்பர் 25, செய்தவர்கள் ஜே. ஹீலி அன் சன்ஸ். காப்புரிமை என்றால் என்ன என்று கேட்டா. ஒருவர் யோசித்த யோசனையைக் கொஞ்சக் காலத்துக்கு வேறு ஒருவரும் எடுத்துச் சம்பாதிக்கக் கூடாது என்று அரசாங்கம் எழுதிக் கொடுக்கிறது என்றேன். எதற்கென்று கேட்டா, எப்படி வேலை செய்யும் என்று கேட்டா. கைப்பேசியில் இருந்த படத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தா. அந்தப் படத்தைத் தனக்கு அனுப்பச் சொன்னா, அனுப்பினேன்.

அன்றிரவே இங்கிலாந்துக்கு உண்மையை எழுதினேன். துரை இல்லை, பங்களா இல்லை, நுவரெலியா இல்லை. வடமாகாணத்தில் ஒரு றெஸ்ற் ஹவுஸ் சமையற்காரர் காத்தது, அவருடைய மகள் 2009இல் நிலத்தில் தாட்டுக் காப்பாற்றியது, நான் விலையை மறைத்து வாங்கியது. தாத்தாவின் பெயரைச் சேகரிப்பாளருக்கு எழுதலாம், பத்திரிகையில் போட வேண்டாம் என்று பேத்தி கேட்டிருந்தா, அதனால் இங்கேயும் எழுதவில்லை. சேகரிப்பாளர் இரண்டு கிழமை கழித்துப் பதில் போட்டார். கோபம் இருந்தது, நியாயமான கோபம். திருகோடு வைத்திருக்கும் அட்டையை மாற்றி, சமையற்காரரின் பெயரை எழுதி, படம் எடுத்து அனுப்பியிருந்தார். அந்தப் படத்தையும் கடைக்கு அனுப்பினேன். திருகைத் திருப்பிக் கேட்டேன். குடும்பம் விரும்பினால் வாங்கிய விலைக்கே தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேத்தி யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறா. வாங்குவதென்றால் அந்தக் காசு என்னுடையது.

மற்றவை மிச்சம் இருக்கின்றன. என்னுடைய கணக்குக் கொப்பியில் வாங்கிய விலை இருக்கிறது, விற்ற விலை இருக்கிறது, ஆரிடம் வாங்கியது என்பது இல்லை. அதை எழுதாமல் விட்டது மறதியால் அல்ல. நினைவில் உள்ளதை இங்கே எழுதுகிறேன். ஒட்டுசுட்டான் பக்கம் 2010இல் வாங்கிய பெற்றோமக்ஸ், தாங்கியின் அடியில் ஈயப் பற்று ஒன்று இருந்தது. தர்மபுரத்தில் ஒரு இளம் தாயிடம் வாங்கிய பாக்குவெட்டி, கைபிடி இரண்டும் கிளித்தலை, ஒரு கிளிக்குக் கண் கழன்றிருந்தது. மாங்குளத்துக்கு மேற்கே ஒரு ஐயாவிடம் வாங்கிய தையல் மெசின் தலை, பலகையின் கீழ் ஒரு பெண்பிள்ளையின் பெயரைத் தமிழில் கீறியிருந்தார்கள். இவை உங்கள் வீட்டுடையவை என்றால் வவுனியாவில் பழைய சாமான் கடை எது என்று விசாரித்தால் காட்டுவார்கள். நான் விற்ற விலையைக் கொப்பியில் உங்கள் முன்னால் திறந்து காட்டுகிறேன். வித்தியாசத்தைத் தவணையிலென்றாலும் தந்து முடிப்பேன். சாமானில் என்ன எழுதியிருந்தது என்பதையும் சொல்லுவேன், எல்லாம் எனக்குப் பாடம்.